ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா வலிக்குதே

திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். மனநலப் பிரிவில் இல்லை. எனக்கு ஆட்களை அனுப்புவது எலும்பு டாக்டரும் வயிற்று டாக்டரும்தான். நாள்பட்ட முதுகுவலி, வருஷக்கணக்கில் வயிற்றைப் புரட்டி எடுக்கும் ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome) என்ற குடல் கோளாறு, இந்த இரண்டும்தான் அதிகம்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோபமாகத்தான் வருவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நகையை அடகு வைத்து ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று எல்லாம் எடுத்து முடித்த ஒருவரிடம், "எல்லாம் நார்மலா இருக்கு, எதுக்கும் ஒரு தடவை கவுன்சிலிங் போயிட்டு வந்துருங்க" என்று சீட்டை நீட்டினால், நீ சும்மா சொல்கிறாய் என்றுதான் அவர் காதில் விழும். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்: "எனக்குப் பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல மேடம், இடுப்புதான் வலிக்கி."

அதனால் முதல் நாள் நான் மனசைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, ராத்திரி தூக்கம் எப்படி, எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றுதான் கேட்பேன். அப்புறம் ஒரு கதை சொல்வேன். 1995இல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞர் கீழே குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்று பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே அலறுகிறார். பலமான வலி மருந்து கொடுத்துப் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது, காலில் ஒரு கீறல் கூட இல்லை. "அப்ப அவர் நடிச்சாரா?" என்று கேட்பேன். "இல்ல, ஆணியப் பாத்தா யாருக்குன்னாலும் வலிக்கத்தான செய்யும்" என்பார்கள். அவ்வளவுதான், பாதிப் பாடம் முடிந்தது. அடிபட்ட அளவுக்கு வலி என்று உடம்பு கணக்குப் போடுவதில்லை. ஆபத்து எவ்வளவு என்று மூளை நினைக்கிறதோ அதையும் சேர்த்துத்தான் வலி வருகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு இருப்பது போலவும், மேலே மூளையிலிருந்தே அதைத் திறக்கவும் சாத்தவும் முடியும் என்றும் விளக்கினார்கள். அந்தக் கோட்பாட்டில் பிறகு நிறையத் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் மேலிருந்து கீழேயும் சேதி போகிறது என்ற அடிப்படை நிற்கிறது.

பீடி சுற்றும் ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார் (அடையாளம் தெரியாமல் விவரங்களை மாற்றியிருக்கிறேன்). எம்.ஆர்.ஐ. பார்த்த யாரோ ஒருவர், "டிஸ்க் தேஞ்சு போச்சு, இனி குனியவே கூடாது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் குனியவில்லை. குடம் தூக்கவில்லை, கோலம் போடவில்லை, தட்டை மடியில் வைத்து உட்காரவும் பயம். வலி குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, கூடியிருந்தது. ஆடாமல் அசையாமல் வைத்தால் தசை பலம் இழக்கும், பயம் வளரும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம். "தல நரைக்கிற மாதிரிதான்மா இதுவும்" என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதி எந்த மாத்திரையாலும் வந்திருக்காது.

ஆனால் நிம்மதி மட்டும் போதாது. பிசியோதெரபிஸ்டும் நானும் சேர்ந்து உட்கார்ந்து, அவர் பயப்படும் காரியங்களை அவரையே வரிசைப்படுத்தச் சொன்னோம். முதலில் வெறும் குடம். அப்புறம் கால் குடம் தண்ணீர். தூக்குவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், தூக்கிய பிறகு என்ன நடந்தது, இரண்டையும் மகள் நோட்டில் எழுதினாள். இதுதான் சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கும் உளவியல் சிகிச்சை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சோபாவில் படுத்துக்கொண்டு சின்ன வயசு நினைவுகளைச் சொல்வதுதான் சிகிச்சை என்று சினிமா சொல்லி வைத்திருக்கிறது. இன்னொரு தொல்லை, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கொள்வது. நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒரே அளவு வேலை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அப்புறம் வீட்டாள்கள். பாசத்தில் மணிக்கு ஒரு தரம் "வலிக்காம்மா, வலிக்காம்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதைக் கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேளுங்கள் என்று சொன்னால் என்னைக் கல்நெஞ்சக்காரி போலப் பார்ப்பார்கள். அந்த அம்மாவுக்கு வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் மறுபடியும் பீடி சுற்றுகிறார், நடுவே நடுவே எழுந்து நடக்கிறார்.

முழுசாகவே போய்விடும் என்று சொல்கிற ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோவில் 151 பேரை வைத்து நடந்தது, நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள். வலி பற்றிய எண்ணத்தையே மாற்றும் நாலு வாரச் சிகிச்சைக்குப் பிறகு 66 சதவீதம் பேர் வலியே இல்லை அல்லது கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 20, வழக்கமான வைத்தியத்தில் 10. படிக்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள், மிதமான வலியோடு நடமாடிக்கொண்டிருந்தவர்கள். செங்கல் சூளையிலிருந்து வருகிறவருக்கு அந்த எண்ணை நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வயிற்றுக் கதை வேறு. பஸ்ஸில் ஏறுவதற்கு முன் வழியில் எங்கெங்கே கழிப்பறை என்று மனசுக்குள் மேப் போடுகிறவர்கள், கல்யாண வீட்டில் சாப்பிடாமல் மொய் வைத்துவிட்டு நழுவுகிறவர்கள். குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதை இவர்களுக்குப் புரியவைக்கப் பாடம் தேவையில்லை, பரீட்சை அன்று காலையில் என்ன ஆனது என்று கேட்டால் போதும். இதற்கு நன்றாக வேலை செய்கிற ஒன்று, குடலைக் குறிவைத்துச் செய்யும் ஹிப்னாஸிஸ். மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற வயிற்று மருத்துவர், எந்த மருந்துக்கும் மசியாத 30 பேரிடம் இதைச் சோதித்து 1984இல் வெளியிட்டார். மேடை மேஜிக் போல ஒன்றும் நடக்காது. கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி, வயிற்றில் கை வைத்து, குடல் சீராக ஓடுவதைக் கற்பனை செய்வது. ஆற்றைக் கற்பனை செய்யச் சொல்வது அங்கேயும் உண்டு. எங்கள் ஊரில் தாமிரபரணி இருப்பதால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

2016இல் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இதையும், குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில வகைச் சர்க்கரைச் சத்துகளைக் குறைக்கிற லோ ஃபாட்மேப் (FODMAP) உணவு முறையையும் ஒப்பிட்டதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. நம்ம ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. அந்த உணவு முறையில் முதல் கட்டத்தில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பெரும்பாலான பருப்பு வகைகள், பால் எல்லாம் கட். அதற்குப் பிறகு சாம்பாரில் என்ன மிச்சம் இருக்கும்? கூட்டுக் குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் மாமியார் என்ன சொல்வார்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு மனசை வைத்து எல்லா நோயையும் தீர்க்கலாம் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். மார்பகப் புற்றுநோயாளிகள் குழுவாக உட்கார்ந்து பேசினால் ஆயுள் கூடும் என்று 1989இல் ஓர் ஆய்வு சொன்னது. 2001இல் பெரிதாகச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. மனவேதனையும் வலியும் குறைந்தன, அதுவே பெரிய காரியம்தான். மாரடைப்பு வந்தவர்களின் மனச்சோர்வுக்கு சி.பி.டி. கொடுத்த ஆய்விலும் சோர்வு குறைந்தது, மரணம் குறையவில்லை. "பாசிட்டிவா யோசிங்க, கேன்சர் ஓடிரும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள், நோய் திரும்ப வந்தால் அந்தப் பழியையும் நோயாளி தலையில்தான் போடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். படபடப்பு, டென்ஷன் என்று ஓர் இளம்பெண்ணை வெளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது, விரலை நீட்டச் சொன்னால் நடுங்குகிறது, ஏ.சி. அறையில் வேர்க்கிறது. மூச்சுப் பயிற்சி எதுவும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைக்குத் திருப்பி அனுப்பினேன், தைராய்டு எகிறியிருந்தது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, கால் மரத்துப்போவது, சிறுநீர் போவதில் சிக்கல், இதெல்லாம் இருந்தால் என் அறைக்கு முன்னால் போக வேண்டிய அறைகள் இருக்கின்றன.

எங்கள் வயிற்று டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, முதல் நாளே, "மாத்திரையும் இருக்கு, குடலையும் மூளையையும் சேத்துப் பாக்குற சிகிச்சையும் இருக்கு, ரெண்டும் உண்டு" என்று சொல்லிவிடுங்கள். அவர் சொல்ல ஆரம்பித்த பிறகு கோபமாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். என் அறையையும் பிசியோதெரபி பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் உதவியது.

மாறாதது காசு. பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகள் அட்மிஷன் போட்டால்தான் பணம் தருகின்றன. என்னிடம் வாராவாரம் வந்து போகிறவர் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், அன்றைய கூலியும் போச்சு. அதனால் சனிக்கிழமைகளில் முதுகுவலிக்காரர்களைக் குழுவாக உட்கார வைத்து, குறைந்த கட்டணத்தில் நடத்துகிறோம். தனியாக வருவதைவிட அதில்தான் கூட்டம். ஆணிக் கதையை இப்போது நான் சொல்வதில்லை, பழைய ஆட்களே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள், ஆணியின் நீளம் மட்டும் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகிறது.