பதினோரு சாமான் வாங்கி, மூன்றில் வந்து நிற்கிறேன்

வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தது. நம்பியூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் சும்மா கிடந்தது. ஆடிப்பட்டத்துக்குள் அதைத் திருத்திக் காய்கறி போட்டுவிடலாம் என்று இறங்கினேன். செம்மண்தான், ஆனால் அரை அடிக்குக் கீழே ஒரே சரளை. அதை யோசிக்காமல், படத்தைப் பார்த்து மயங்கி ஆன்லைனில் பதினோரு சாமான் கொண்ட தோட்டப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பச்சைப் பிடி போட்ட கைக்கரண்டி, மூன்று விரல் முள், கத்தரி, ஸ்பிரேயர், கையுறை எல்லாம் இருந்தன. அம்மிச்சி கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல சோறு போட்டுத் திங்கறதா?" என்றார்.

இரண்டாம் நாள் கரண்டி சரளையில் மாட்டிக் கழுத்தோடு மடங்கிவிட்டது. மாடித் தோட்டத்துத் தென்னைநார்க் கலவைக்கு அது போதும். காய்ந்த செம்மண்ணுக்கு ஆகாது. இப்போது கோழித்தீவன டப்பாவில் கிடக்கிறது.

சரி என்று வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக்குப் போய் ஒரு மம்முட்டியும் களைக்கொத்தும் வாங்கி வந்தேன். மம்முட்டித் தகட்டை விரலால் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். சத்தம் செத்துப் போயிருந்தால் எங்கேயோ விரிசல் இருக்கும். காம்பில் மரத்தின் ரேகை நுனிவரை நேராக ஓட வேண்டும். குறுக்கே வெட்டி இறங்கினால், கல்லில் பட்டதும் அந்த இடத்தில்தான் முறியும். நான் கொஞ்சம் உயரம். கடையில் மாட்டியிருந்த காம்போடு ஒரு மணி நேரம் கொத்தியதற்கே இடுப்பு கழன்றது. அதைவிட அரை அடி நீளமாக வேலங்காம்பு போட்ட பிறகுதான் நிமிர முடிந்தது.

காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப் போடச் சொல்வார்கள். நானும் போட்டேன். கட்டை ஊதி இரண்டு நாள் இறுகியது; காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடியது. ஆப்பு அடிப்பதுதான் சரி.

களைக்கொத்துதான் நான் எதிர்பார்க்காத சாமான். பின்னால் முழுக்கக் கோரை. மேலே பிடுங்கினால் கையோடு வரும், நான்கே நாளில் திரும்ப நிற்கும். கிழங்குகள் மண்ணுக்குள் சரம் சரமாகக் கோத்துக் கிடப்பதால், குத்த வைத்துப் பக்கவாட்டில் கொத்தி, சரத்தோடு உருவ வேண்டும். இன்னும் முடியவில்லை. ஒரு பாத்திக்கு மட்டும் அரைச் சட்டி கிழங்கு வந்தது.

ஆடி முதல் வாரத்தில்தான் பெரிய தப்பைச் செய்தேன். மம்முட்டி மழுங்கிவிட்டதென்று ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து கிரைண்டிங் மெஷினில் பிடிக்கச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை, பளபளவென்று இருந்தது. வாயோரத்தில் மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பாத்தி வெட்டுவதற்குள் வாய் சுருண்டுவிட்டது.

கொல்லுப்பட்டறை ஆசாரியண்ணன் பார்த்ததும் சொல்லிவிட்டார். "சூடேறி தோய்ச்சல் போயிருச்சுங்க தம்பி. இது இப்ப வெறும் தகடு." காய்ச்சித் தண்ணீரில் முக்கி இரும்புக்கு ஏற்றுகிற உறுதிதான் தோய்ச்சல்.

உலையில் வாயோரத்தை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவக்கக் காய்ச்சினார். தட்டி மெலிதாக்கினார். மறுபடி காய்ச்சி, ஓரத்தை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரு சாணைக்கல் துண்டால் பரபரவென்று தேய்த்துவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி இறங்க, வெள்ளை இரும்பில் வைக்கோல் நிறம் ஊர்ந்து வந்தது. அது ஓரத்தைத் தொட்டதும் சட்டென்று முழுதாக முக்கிவிட்டார். அந்த நிறத்துக்கு முன்னால் முக்கினால் இரும்பு கடினமாகிக் கல்லில் தெறிக்கும், நீலம் வரும்வரை விட்டால் இளகிவிடும் என்றார். என் மெஷின் மம்முட்டியில் நான் ரசித்த நீலம் அதுதான்.

அதிலிருந்து அரம்தான். பத்து அங்குலப் பட்டை அரம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே சரிவு இருக்கிற பக்கம் மட்டும், முன்னே தள்ளி மட்டும் தேய்க்கிறேன். பின்னுக்கு இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பல்தான் போகும். வாரம் ஒருமுறை பத்து இழுப்பு போதும் என்று எழுத வந்தேன். இழுப்பு இல்லை, தள்ளு. வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டித் துடைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய்.

பெட்டியில் வந்த கத்தரி மட்டும் பிழைத்துக்கொண்டது. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கிற ரகம், பச்சைக் கிளைக்கு அதுதான் நல்லது. ஒற்றை அலகு போய்த் தட்டையான அடியில் உட்காருகிற ரகம் பச்சைத் தண்டை நசுக்கிவிடும், காய்ந்த குச்சிக்குத்தான் லாயக்கு. செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் இதையே வைத்துக்கொள்கிறேன். செடிமுருங்கையில் பி.கே.எம். 1 ரகம் போட்டேன், இரண்டரை அடி வந்ததும் நுனி கிள்ள வேண்டும். அதற்கு நகமே போதும்.

மூலையில் ஒரு தென்னை வைக்க, மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி என்று குழி எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒன்றரை அடியிலேயே சரளை மம்முட்டியைத் திருப்பி அனுப்புகிறது. அப்பாரு காலத்துக் கடப்பாரை மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது, நுனி கட்டைவிரலாட்டம் மழுங்கி. நாளைக்குக் காலையில் ஆசாரியண்ணனிடம் எடுத்துப் போக வேண்டும்.