பிக் மட்சுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகள்

கிரிக்கெற் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இந்தச் சிறப்பு மலரின் குழுவினர் கேட்டபோது, இரண்டு பள்ளிக்கூடங்கள் வருடாவருடம் மோதும் பிக் மட்ச் பற்றித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். 1904 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் சென்றல் (மத்திய கல்லூரி) – சென். ஜோன்ஸ் கல்லூரி ஆட்டத்தில் யார் கப்டன், யார் எத்தனை அடித்தார் என்பதெல்லாம் அச்சில் கிடைக்கிறது. அச்சில் இல்லாதது, பள்ளிக்கூடத்தை விட்டபிறகும் யாழ்ப்பாணத்தில் நாங்கள் விளையாடித் திரிந்த கழகக் கிரிக்கெற்.

பள்ளிக்கூட ஆட்டம் மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும், அடுத்த தவணை உதைபந்து. மிச்ச நாளெல்லாம் கிரிக்கெற்றை உயிரோடு வைத்திருந்தவை கழகங்கள்தான். எங்கட சென்றல் ஆட்களுக்குச் சென்றலைட்ஸ், சென். ஜோன்ஸ்காரருக்கு ஜொனியன்ஸ், சென். பற்றிக்ஸ்காரருக்குப் பற்றீசியன்ஸ், இன்னும் ஊர்க் கழகங்கள். பதினொராவது ஆள் வராவிட்டால் ஞாயிறு காலையில் எங்கள் படலையடியில் சைக்கிள் மணி கேட்கும். "தம்பி, வெள்ளைக் காற்சட்டை தோய்ச்சுக் கிடக்கோ?" அவ்வளவுதான் தெரிவு. கச்சேரி உத்தியோகத்தர், வங்கிக் கிளார்க், கணக்கு வாத்தியார் என்று நரைத்த தலைகளோடு பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் நிற்பான். வகுப்பில் 'சேர்' என்று கூப்பிட்டவரை ஸ்லிப்பில் நின்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். பிக் மட்சில் ஆடுவது எப்படி என்று பள்ளிக்கூடம் சொல்லித் தந்தது உண்மை. ஆனால் பதினைந்து ஓவரும் ஒரே இடத்தில் பந்தைக் குத்தும் ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் பொறுமை படித்தது கழகத்தில்தான். இதை நம்மவர்கள் ஒத்துக்கொள்வது குறைவு.

ஆடுகளத்தில் விரிக்கும் பாயான மற்றிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் கிரிக்கெற் விளங்காது. புல் ஆடுகளம் எங்களுக்கு வாய்க்கவில்லை, தும்பு மற்றிங்தான். காலமை வெயில் ஏற முன்னரே நாலைந்து பேர் சேர்ந்து சுருளை உருட்டிக் கொண்டுவந்து, விரித்து, இழுத்து, ஓரம் முழுக்க ஆணி அடிக்க வேண்டும். கடைக்குட்டிகளின் வேலை அது. இறுக்கிக் கட்டினால் பந்து நெஞ்சுக்கு எழும்பும், கொஞ்சம் தொய்வாக விட்டால் சுழல் பந்து கடித்துத் திரும்பும், ஆகவே எந்தக் கழகத்தின் பொடியன்கள் ஆணி அடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தே அன்றைக்கு யார் பந்துவீசப் போகிறார் என்று ஊகிக்கலாம். (எதிரணிக் கப்டன் வந்து காலால் மிதித்துப் பார்ப்பார். பார்த்தும் ஒன்றும் செய்ய மாட்டார்.) இதில் பழகினவன் பின்னங்காலில் போய் வெட்டுவான், இழுத்து அடிப்பான். அவனே கொழும்புக்குப் போய்ப் புல் தரையில் நின்றால், எழும்பும் என்று நம்பிப் பின்னுக்குப் போன பந்து தாழ்ந்து வந்து காலில் படும், நடுவர் விரலைத் தூக்குவார். யாழ்ப்பாணத்துப் பொடியன்களுக்குத் துடுப்பாட்டம் போதாது என்று சொன்னவர்கள் ஒரு வருடம் எங்கட மற்றிங்கில் ஆடியிருக்க வேண்டும்.

அப்புறம் சண்டை, உள்நாட்டுப் போர். 1990க்குப் பிறகு பற்றரி, பெற்றோல், மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தடை வந்த காலத்தில் ஒரு நல்ல பந்து என்பது கிளாலிக் கடலைத் தாண்டி யாராவது கொண்டுவந்தால்தான். மற்றிங் பந்தின் தோலை உரித்துவிடும், தையல் பிரியும், சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து மறுபடி எறிவோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கழகத்துச் சாமான் பை எங்கே கிடந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. பாயையும் சட்டியையும் தூக்கவே கை போதாத இடத்தில் ஸ்கோர் புத்தகத்தை யார் தூக்குவது? அடுத்த மார்ச் 17 இல் லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தைச் சாவகச்சேரியில் ஒரு வளவுக்குள் இருந்து கேட்டோம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, ஆள் மாறி ஆள் பெடலைச் சுற்றி. இலங்கையின் அரவிந்த டி சில்வா 107 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். கைதட்டினவர்களும் இருந்தார்கள், எழும்பிப் போனவர்களும் இருந்தார்கள். இரண்டு பகுதியும் எனக்கு விளங்கியது.

சண்டையைவிடக் கழகத்தைக் கரைத்தது விசாதான் என்பேன். ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் ஜேர்மனிக்கு, அவருக்குப் பதிலாக வந்தவர் பிரான்ஸுக்கு, விக்கெற் காப்பாளர் இலண்டனுக்கு. இப்போது கனடாவில் ஸ்காபரோவில் கோடையில் அதே கழகப் பெயர்களோடு அணிகள் இறங்குகின்றன, வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. 2020 டிசம்பரில் சென்றல் பொடியன் வியாஸ்காந்த் லங்கா பிரீமியர் லீக்கில் முதல் விக்கெற்றாக அஞ்சலோ மத்தியூசை எடுத்ததும் எங்கட வட்ஸ்அப் குழுவில் விடியவிடிய ஆரவாரம். 2023 இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணி, 2024 இல் ஹைதராபாத்துக்காக ஐபிஎல். லெக் ஸ்பின் போடுகிற எல்லா அண்ணைமாரும் அவனுக்குத் தாங்கள்தான் முன்னோடி என்று அன்றைக்கு எழுதினார்கள், சரி, இருக்கட்டும்.

யாரிடமாவது பழைய ஸ்கோர் புத்தகத்தின் பக்கங்கள் இருந்தால், கறையான் தின்றதானாலும், படம் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். பின்பக்கங்களையும் சேர்த்து எடுங்கள். பந்துக் காசு யார் யார் தரவில்லை என்ற கணக்கு அங்கேதான் எழுதுவோம், அதில் சிலர் இப்போது கனடாவில் மார்க்கம் நகரில் இரண்டு வீடு வைத்திருக்கிறார்கள்.