மழைக்கால மும்பையில் ஒரு ராஜாசாரஸ்: செய்முறை நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி. மாதுங்கா

இந்த மழைக்காலத்துக்குச் செய்யும் மாடல் ராஜாசாரஸ் நர்மடென்சிஸ் என்ற டைனோசர். குஜராத்தில் பாலாசினோர் பக்கத்து ரஹியோலியில் 1980களில் தோண்டி எடுத்த எலும்புகளுக்கு 2003இல் இந்தப் பெயர் வைத்தார்கள். நெற்றியில் தாழ்வான, மழுங்கிய ஒற்றைக் கொம்பு. நம் மண்ணின் இரைதின்னி. டி.ரெக்ஸ் மாடலைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள் இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

நீளத்துக்குப் பல கணிப்புகள் உண்டு. 6.6 மீட்டர் என்று வைத்தால் 1/20 அளவில் 33 செ.மீ. இந்த 33 என்பது மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை முதுகெலும்பின் வளைவோடு அளப்பது. நேர்கோட்டில் 33 என்று வைத்தால் விலங்கு பெருத்துவிடும். எலும்புக்கூட்டுப் படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, 1 மீட்டர் அளவுக்கோடு சரியாக 5 செ.மீ. வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு விழுந்திருந்தால் அளவு மாறிவிடும்.

முன்கை எலும்பு கிடைக்கவில்லை. அதை உறவுக்காரர்களிடமிருந்து எடுக்க வேண்டும்: அர்ஜென்டினாவின் கார்னோடாரஸ், மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ். இரண்டுக்கும் கை மிகக் குட்டை, நான்கு விரல்.

ஜூலை 6, ஞாயிறு

கம்பியைத் தொடும் முன் நிற்கும் நிலையை முடிவு செய்தாக வேண்டும். மாடலுக்கு உயிர் கொடுப்பது எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதுதான். செதிலும் வண்ணமும் அதற்குப் பிறகு.

தேர்ந்த நிலை: நடை. வலது கால் முழு எடையைத் தாங்குகிறது, இடது பாதம் தரையை விட்டு இப்போதுதான் கிளம்புகிறது, தலை இடப்பக்கம் சற்றுத் திரும்பியிருக்கிறது.

இரண்டு காலில் நடந்த இந்த இரைதின்னிகளுக்கு எடைமையம் இடுப்புக்குச் சற்று முன்னால். அதனால்தான் தொடையெலும்பு முன்சாய்ந்து, முழங்கால் எப்போதும் மடங்கி, பாதம் எடைக்கு நேர் கீழே வருகிறது. அச்சிட்ட படத்தில் இடுப்பு மூட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்னால் புள்ளி வைத்து, அங்கிருந்து செங்குத்துக் கோடு இறக்குங்கள். தாங்கும் காலின் நடுவிரல் பரப்புக்குள் கோடு விழ வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் விழுந்தால் விலங்கு மல்லாக்க விழப்போவது போலிருக்கும். வண்ணம் எவ்வளவு நன்றாக அடித்தாலும் அந்த உறுத்தல் போகாது.

முன்னிருந்து பார்க்கும்போதும் இதே கணக்கு. கிடைத்திருக்கும் காலடித் தடங்கள் ஒடுக்கமானவை. இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே வரிசையில் விழுகின்றன. வால் இழுபட்ட கோடு அனேகமாக இருப்பதே இல்லை. பொம்மைகளில் கால்களை அகட்டி வைப்பது பொம்மை விழாமலிருக்க. நமக்கு அடித்தளத்தில் கம்பி முளை இருப்பதால் அந்தத் தேவை இல்லை. தாங்கும் காலை உடலுக்கு அடியில் உள்ளே கொண்டுவரலாம்.

பாதம் தூக்கும் விதத்துக்குத் தெருவில் நடக்கும் கோழியையோ புறாவையோ கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்துப் பாருங்கள். தூக்கிய பாதத்தின் விரல்கள் ஒன்றுசேர்ந்து தொங்கும். விரிந்தபடி அந்தரத்தில் நிற்காது. ஆனால் பறவையிடம் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் கற்க வேண்டும். பறவையின் தொடை கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும், நடை முழங்காலிலிருந்து வரும். ராஜாசாரஸுக்குக் கால் இடுப்பிலிருந்து வீசும், அதை இழுப்பது வால் தசை.

ஜூலை 12, சனி

லோஹார் சால் கடைத்தெருவில் வாங்கியவை: 3 மி.மீ. அலுமினியக் கம்பி 2 மீட்டர், 1.5 மி.மீ. கம்பி 2 மீட்டர், மெல்லிய செம்புக் கம்பி கொஞ்சம். இரும்புக் கட்டுக்கம்பி வேண்டாம். இந்தக் காற்றில் துரு பிடிக்கும், மெல்லிய இடத்தில் கறை வெளியே வரும்.

முதுகெலும்புக்கு மூக்கிலிருந்து வாலின் முக்கால் பாகம்வரை ஒரே 3 மி.மீ. கம்பி, மீதிக்கு 1.5. இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரே கம்பி. இடுப்பில் வளைத்து இரு பக்கமும் இறக்கி, பாதத்துக்குக் கீழே 3 செ.மீ. மிச்சம் விட வேண்டும். இடது பாதத்தின் முளை விரல் நுனி வழியாக இறங்கும்.

மூட்டு இடங்களைப் படத்தின் மேல் வைத்து மார்க்கரால் குறித்துவிட்டு ஒரே தடவையில் வளையுங்கள். அலுமினியம் ஒரே இடத்தில் நாலைந்து முறை வளைந்தால் இறுகி முறிந்துவிடும்.

இடுப்புச் சந்தியைச் செம்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் சுண்டைக்காய் அளவு எம்-சீல் (எபாக்சி புட்டி) அப்பி, மறுநாள்வரை தொடாமல் விட வேண்டும். இதைத் தவிர்த்தால் பிறகு தசை அழுத்தும்போது இடுப்பு சுழலும்; போன வாரம் போட்ட எடைக் கணக்கு முழுவதும் வீண்.

ஜூலை 13, ஞாயிறு

அலுமினியத் தாளைக் கசக்கிச் சுற்றி உடல் பருமனைக் கொண்டுவர வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் வெளிக்கோட்டுக்கு 4 மி.மீ. உள்ளே, காலிலும் வாலிலும் 2 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள். ஸ்பூன் முதுகால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் பின்னால் அழுத்தும்போது பள்ளம் விழும், மேலே இருக்கும் புட்டி விரிசல் விடும்.

களிமண்ணா புட்டியா என்பதற்கு ஜூலை மும்பையில் ஒரே பதில்தான். காற்றில் உலரும் களிமண் நீர் வெளியேறித்தான் இறுகும். இந்த ஈரத்தில் மேல்தோல் காய்ந்து உள்ளே நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். பிறகு சுருங்கும்போது உள்ளே கம்பிக்கூடு சுருங்காததால் கழுத்திலும் கணுக்காலிலும் வெடிக்கும். எபாக்சி புட்டி வேதிவினையால் இறுகுவது, உலர வேண்டியதில்லை.

இரண்டு பகுதியும் சம அளவு. ஒரு தடவைக்கு நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம், அதற்குள் கை வேலை முடியாது. கோடு கோடாக நிறம் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். கோடு இருந்த இடம் எப்போதும் இறுகாமல் மெத்தென்றே நிற்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம். இறுகாத புட்டி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும்.

ஜூலை 19, சனி

தசை. பெரும்பாலான மாடல்கள் தோற்பது வாலின் அடியில். தொடையெலும்பைப் பின்னால் இழுக்கும் பெருந்தசை வாலெலும்புகளின் இரு பக்கத்திலிருந்து கிளம்பித் தொடையின் பின்பக்கம் பிடிக்கிறது. கார்னோடாரஸில் அது மிகப் பெரியது என்று 2011இல் எழுதினார்கள். எலும்புப் படத்தின் ஓரத்தைத் தொட்டபடி தோலைப் போர்த்தினால் வால் பல்லி வாலாகிவிடும். இடுப்பிலிருந்து வால் கிளம்பும் இடம் இரு பக்கமும் நன்றாகப் புடைத்து, கீழ்ப்பக்கத் தடிமன் மெல்ல மெல்லக் குறைந்து போக வேண்டும்.

தாங்கும் வலது காலில் தொடையும் கெண்டையும் இறுகிப் புடைக்கட்டும், விரல்கள் விரிந்து அடிச்சதை பக்கவாட்டில் பிதுங்கட்டும். தூக்கிய இடது காலில் எல்லாம் தளர்வு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலேயே எடை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

விரல் மூட்டுகள்: உள்விரலில் 3 எலும்பு, நடுவிரலில் 4, வெளிவிரலில் 5. பின்னாலிருக்கும் சிறுவிரல் தரையைத் தொடாது.

இறுகிய படலத்தின் மேல் அடுத்தது வைக்கும் முன் உப்புத்தாளால் கீறிவிட வேண்டும். விரலை நனைத்து வழவழப்பாக்கலாம், ஆனால் இரு படலங்களுக்கு நடுவே தண்ணீர் நின்றால் ஒட்டாது.

ஜூலை 20, ஞாயிறு

தலை. இந்த அளவில் கட்டைவிரலின் முதல் கணுவளவுதான், ஆனால் எல்லோரும் முதலில் பார்ப்பது இதை. மண்டையோட்டு ஓட்டைகளைக் குழிகளாகக் காட்டாதீர்கள். உயிருள்ள விலங்கில் அங்கே தசையும் காற்றறையும் இருக்கும். பற்களை உதடு மூடியிருந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு வலுவாகச் சொல்கிறது, ஆகவே மூடிய வாய், பல் தெரியாது. வாயைப் பிளந்து கர்ஜிக்கும் மாடல்களைவிட மூடிய வாயும் திரும்பிய பார்வையும் பத்து மடங்கு விலங்காகத் தெரியும்.

கண்ணுக்கு 2 மி.மீ. கருமணி. கண்குழியின் மேற்பாதியில் உட்கார வேண்டும், நடுவில் அல்ல. பெரிய மணி வைத்தால் குட்டி முகமாகிவிடும்.

ஜூலை 26, சனி

தோல். ராஜாசாரஸ் சேர்ந்த அபெலிசாரிட் குடும்பத்தில் நல்ல தோல் பதிவு கார்னோடாரஸில்தான். 2021 ஆய்வின்படி அதன் பெரிய செதில்கள் 20 முதல் 65 மி.மீ. விட்டம், இடையே நிரம்பிய சிறு செதில்கள் 14 மி.மீ.க்கும் குறைவு. பெரியவை வரிசையில் இல்லை, ஒழுங்கற்றுச் சிதறியவை. முதுகில் ஒரே வரிசையாக முள் நடும் பழக்கத்தை இதோடு விட்டுவிடலாம். 20ஆல் வகுத்தால் பெரிய செதில் 1 முதல் 3.25 மி.மீ., சிறியவை 0.7 மி.மீ.க்குள். மாடலில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் செதில் எல்லாம், உண்மையில் உள்ளங்கையளவு ஆகிவிடும் என்று நினைவு வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சிறு செதிலுக்கு முத்திரை: 40 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தடவி, அதன்மேல் புட்டித் துண்டை அழுத்தி இறுக விட வேண்டும். அதில் குழிகள் பதியும். அந்தத் துண்டை மாடலின் இறுகாத புட்டியில் அழுத்தினால் மேடுகள் வரும். உப்புத்தாளையே நேராக அழுத்தினால் குழிதான் விழும், தோல் ஆரஞ்சுத் தோலாகத் தெரியும். புட்டி பிசைந்து பத்து நிமிடம் பொறுத்து அழுத்துங்கள். உடனே அழுத்தினால் முத்திரையோடு பிய்த்துக்கொண்டு வரும்.

பெரிய செதில்: சிறு உருண்டைகளை ஊசி முனையில் எடுத்து வைத்துத் தட்டையாக்கி, முனை மழுக்கிய 18 கேஜ் ஊசிக்குழாயால் மேலே ஒரு வளையம். இடைவெளியை ஒரே மாதிரி வைக்க கை துடிக்கும், விடக்கூடாது.

சுருக்கங்கள் தோல் நெருங்கும் இடத்தில் மட்டும்: தலை திரும்பிய இடப்பக்கக் கழுத்து, முழங்காலின் பின்பக்கம், அக்குள். வலப்பக்கக் கழுத்தில் தோல் இழுபட்டிருக்கும், அங்கே சுருக்கம் போட்டால் திரும்பல் பொய்யாகிவிடும்.

ஆகஸ்ட் 2, சனி

பிரைமருக்கு முன் கழுவல். ஈரக்காற்றில் இறுகிய எபாக்சியின் மேல் சில சமயம் பிசுபிசுத்த மெல்லிய படலம் நிற்கும். அதன்மேல் அடித்த வண்ணம் நகத்தால் சுரண்டினாலே உரியும். பாத்திர சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும்.

மழை கொட்டும்போது ஸ்ப்ரே பிரைமர் அடிக்கக்கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்படலமாகும். மாடலை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கால் கிலோவோடு ஓரிரவு வைத்து, மழை விட்ட வெயில் நேரத்தில் 25 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய மூன்று வீச்சு. உடனே மறுபடி டப்பாவுக்குள். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். அதைச் சூடாக்கி மீட்கலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம், நீல நிறம் தருவது கோபால்ட், அது நச்சு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ராஜாசாரஸின் நிறத்துக்குச் சான்று இல்லை, ஆகவே ஒளியிலிருந்து தொடங்கலாம். சிட்டகோசாரஸ் என்ற வேறொரு டைனோசரின் தோலில் 2016இல் கண்டது: மேலே இருட்டு, வயிற்றில் வெளிர், நடுவே மெதுவான மாற்றம். அது மரநிழல் வெளிச்சத்துக்குப் பொருந்துவது. திறந்த வெயிலில் வாழும் விலங்குகளில் இந்த மாற்றம் விலாவின் மேற்பகுதியிலேயே, சட்டென்று நடக்கும். ராஜாசாரஸ் கிடைத்த லாமேட்டா படிவுகள் ஓரளவு வறண்ட நிலத்தவை, எனவே இரண்டாவது வகை.

அடிநிறம் ரா சியன்னாவும் கொஞ்சம் பெயின்ஸ் கிரேயும், முதுகுக்குப் பர்ன்ட் அம்பர், வயிற்றுக்கு யெல்லோ ஓக்கர் கலந்த வெள்ளை. ஆக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து நாலைந்து மெல்லிய பூச்சு. இந்த மாதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் அடுத்த பூச்சின் நீர் முந்தியதைக் கரைத்து இழுக்கும்.

மேல் இருட்டு, கீழ் வெளிர் என்பது உருவத்தைத் தட்டையாக்கி மறைக்கவே இயற்கையில் வந்தது. மாடலிலும் அதையே செய்யும். போன மாதம் செய்த தசையெல்லாம் காணாமல் போகும். அதை மீட்க, ஒரு பங்கு பர்ன்ட் அம்பருக்கு எட்டுப் பங்கு நீர், ஒரு சொட்டு சோப்பு கலந்து சுருக்கங்களில் இறக்கி, காய்ந்ததும் அடிநிறத்தைவிட ஒரு படி வெளிர்ந்த நிறத்தை வற்றிய பிரஷால் செதில் முகட்டில் மட்டும் உரச வேண்டும்.

பளபளப்பு கண்ணுக்கு மட்டும். மற்றதெல்லாம் நீரில் கரையும் மேட் வார்னிஷ், பிரஷால். வார்னிஷ் பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள், மேட் பொடி அடியில் தங்கியிருக்கும். தடிமனாகப் பூசினால் சுருக்கங்களில் வெள்ளையாக நிற்கும்.

ஆகஸ்ட் 9, சனி

அடித்தளம்: 30 x 15 செ.மீ., 12 மி.மீ. பிளைவுட். வால் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கலாம். சாம்பல்பச்சை மணல், அங்கங்கே செம்மை, வெண்சுண்ணாம்புக் கட்டிகள். சயான் பக்கத்துக் கருங்கல் சில்லு வைக்க ஆசை வரும். ஆனால் அது தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. லாமேட்டா படிவு அந்தக் குழம்புக்கு அடியில் இருப்பது, கரும்பாறை இல்லாமலே சரியாக இருக்கும். புல் வைக்கலாம். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த சாணப் புதைபடிவத்தில் புல்லின் தடயம் இருந்ததை 2005இல் அறிவித்தார்கள். சில குத்துகள் போதும், புல்வெளி வேண்டாம்.

நிலப்பரப்பு இளகியிருக்கும்போதே விலங்கின் பின்னால் ஒரு காலடியை அழுத்திவிடுங்கள், அதே பாத அளவில், நடைக்கோட்டிலேயே. முளைக்கு 3.2 மி.மீ. துளை, கையால் திருகும் டிரில் போதும். முளையை முதலில் ஒட்டாமல் நிறுத்தி, தூக்குக்குண்டு நூலால் இடுப்புக்கு முன்பக்கப் புள்ளியைச் சரிபார்த்த பிறகே எபாக்சி. கடைசியாக வலது பாதத்தின் விரலடியில் தெரியும் இடைவெளியை நனைந்த மணலும் ஃபெவிக்காலும் கலந்து அடைத்து, விரல்களைச் சுற்றி மண் லேசாக மேலெழும்பும்படி ஊசியால் தள்ளிவிட வேண்டும். இடது விரல் நுனியைச் சுற்றி மண் மட்டமாகவே இருக்கட்டும், அந்தக் காலில் எடை இல்லை.