எக்ஸ் அச்சின் ஆட்டம் ஒருவழியாக அடங்கியது

என் சிஎன்சி மெஷினின் (கணினி சொல்படி வெட்டும் எந்திரம்) எக்ஸ் அச்சில், அதாவது இட-வல நகர்வில், நெடுநாளாக இருந்த 0.22 மி.மீ. ஆட்டம் இப்போது 0.03-க்கு இறங்கிவிட்டது. வெட்டும் தலையைச் சுமக்கிற கேரியேஜை எவ்வளவு தள்ளினாலும் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) முள் நகர மறுப்பதைப் பார்க்கிற சந்தோஷம், இந்த வேலையில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். கை ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மெஷின் வழக்கமான ரகம்தான்: அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் சட்டம், அதன்மேல் ஓடும் வி-வீல், கேரியேஜை ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் டி8 லீட் ஸ்க்ரூ (திருகுத் தண்டு), அதன் இரண்டு முனையிலும் கேஎஃப்எல்08 பேரிங். அறிகுறியும் தெரிந்ததுதான். வட்டம் வெட்டினால் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் சின்னதாக ஒரு தட்டை விழும். மேலும் கீழும் சுத்தமாக இருக்கும். எக்ஸ் திசை திரும்புகிற இடங்கள் அந்த இரண்டு ஓரங்கள்தான். மோட்டார் திரும்பியிருக்கும், கேரியேஜ் திரும்பியிருக்காது, அதற்குள் ஒய் நகர்ந்துவிடும். கிளைம்ப் மில்லிங்கில் (வெட்டும் பல் நகர்கிற திசையிலேயே இழுக்கும் முறை) இன்னும் மோசம். வெட்டுகிற எண்ட் மில்லே கேரியேஜை இழுத்துக்கொண்டு ஓடும். சுவர் முழுக்க வரிவரியாகத் தடம்.

ஆட்டம் என்றதுமே எல்லோரும் வீலின் இறுக்கத்தை மாற்றுகிற எக்சென்ட்ரிக் நட்டை முறுக்கப் போகிறார்கள். கேரியேஜைப் பிடித்துக்கொண்டு வீலை விரலால் சுற்றினால் லேசான பிடிப்போடு வழுக்க வேண்டும். அந்த இறுக்கம் போதும். அதற்கு மேல் முறுக்கினால், நிறுத்தி வைத்த இடத்தில் வீல் அமுங்கிப்போய் ஓடும்போது தட்டும். வீல் லூசாக இருந்தால் கேரியேஜ் தலையாட்டும். ஸ்க்ரூவின் நீளவாக்கில் முன்னும் பின்னும் போவது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு.

எனவே முதலில் அளவு. மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $1=255 என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் மோட்டார் பிடியை விடாது. கேரியேஜில் டயல் கேஜை வைத்து இடம் வலமாகத் தள்ளினேன்: 0.22. அடுத்து ஸ்க்ரூவின் முனை. வெட்டிய முனை சதுரமாக இருக்காது, ஸ்க்ரூ சுற்றினால் முள்ளும் சேர்ந்து ஆடும். முனையின் நடுவில் சென்டர் டிரில்லால் ஒரு குழி போட்டு, கிரீஸ் தடவி, சின்ன எஃகு உருண்டையை அதில் ஒட்டவைத்து, கேஜின் தட்டையான முனையை உருண்டைமேல் நிறுத்தினால் அந்தத் தொல்லை போய்விடும். கேரியேஜைத் தள்ளினால் ஸ்க்ரூவே 0.17 நகர்கிறது! ஸ்க்ரூமேல் ஓடிக் கேரியேஜை நகர்த்துகிற நட்டின் பங்கு வெறும் 0.05.

ஸ்க்ரூ ஏன் நகர்கிறது? கேஎஃப்எல்08 ஸ்க்ரூவைத் தாங்கத்தான் லாயக்கு, நீளவாக்கில் பிடித்து நிறுத்துகிற பேரிங் அல்ல. அதன் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகாணி) திருகுப் பல்லின் உச்சியைக் கடித்துக்கொண்டிருக்கிறது; கொஞ்ச நாளில் வழுக்கிவிடும். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கிற கப்ளிங்கோ சுருள் வெட்டுப் போட்ட அலுமினியம், அதாவது ஒரு ஸ்பிரிங். மோட்டாருக்குள்ளேயும் ஓர் அலை வாஷர் உண்டு, அழுத்தினால் ஷாஃப்ட் உள்ளே போகும். ஸ்க்ரூவை உறுதியாகப் பிடித்து நிறுத்த அங்கே எதுவுமே இல்லை.

மருந்து: மோட்டார் பக்கத்து கேஎஃப்எல்லைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. அலுமினியத் தகடு, அதன் நடுவில் 8 மி.மீ. வெண்கல புஷ் (உள்வளையம்), தகட்டின் இரு பக்கமும் எஃப்8-16 த்ரஸ்ட் பேரிங் (நீளவாக்கு அழுத்தத்தைத் தாங்கும் ரகம்), அவற்றுக்கு வெளியே ஆளுக்கொரு காலர் (ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கும் வளையம்). டி8 பல்லின் உச்சி தட்டை என்பதால் புஷ்ஷை இதுவரை தின்னவில்லை. எண்ணெய் மட்டும் விட வேண்டும்.

இந்த பேரிங்கின் இரண்டு வாஷரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். காலிப்பர் வைத்துப் பார்த்தால் ஒன்றின் துளை சரியாக 8, மற்றதன் துளை இம்மி பெரிது. பெரிய துளைக்காரன் தகட்டின் பக்கம், சின்னவன் காலரின் பக்கம். மாற்றிப் போட்டால் சுற்றாத வாஷர் சுற்றுகிற ஸ்க்ரூவை உரசிக்கொண்டே இருக்கும்.

நேரம் தின்றது காலரை இறுக்குகிற கட்டம்தான். ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது, பேரிங்கும் நசுங்கக் கூடாது. மெஷினில் மாட்டியபடியே கையால் அழுத்தி இறுக்கினால், ஆலன் கீயைத் திருப்புகிற அந்த ஒரு நொடியில் காலர் பின்வாங்கிவிடும். அதனால் தகட்டையும் ஸ்க்ரூவையும் சேர்த்தே வெளியே எடுத்தேன். மோட்டார் பக்கத்து காலரை முதலில் இறுக்கிவிட்டு, வைஸ் தாடைகளைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஸ்க்ரூவின் முனை இடுக்கில் இறங்க, அந்த காலர் தாடைகள்மேல் உட்காரும்படி நிறுத்தினேன். மேலிருந்து ஸ்க்ரூவின்மேல் ஒரு குழாயைக் கோத்து, குழாயின் அடி மேல் காலரில் உட்கார, உடம்பைக் கொடுத்து அழுத்தியபடியே காலரை இறுக்கினேன். அழுத்தம் நேர்கோட்டில் இறங்குவதால் காலர் சாய்வதில்லை. பிளவுள்ள கிளாம்ப் காலர்தான் வேண்டும். கிரப் ஸ்க்ரூ வைத்த காலர் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு சாயும், பல்லையும் கெடுக்கும்.

இறுக்கம் சரியா என்பதை விரல்தான் சொல்லும். ஸ்க்ரூவை இரண்டு விரலால் சுற்றினால் சுற்று முழுக்க ஒரே மாதிரி மெல்லிய பிடிப்பு வேண்டும். நறநறவென்று விட்டுவிட்டுச் சுற்றினால் அழுத்தம் அதிகம், தளர்த்தி மறுபடி. அந்த மெல்லிய பிடிப்பு கைக்குக் கிடைக்கும்வரை நான் விடவில்லை.

மறுமுனையில் கேஎஃப்எல் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் கிரப் ஸ்க்ரூ இரண்டையும் கழற்றிவிட்டேன். அந்த முனை நீளவாக்கில் சுதந்திரமாக இருக்க வேண்டும். 400 மி.மீ. எஃகு ஸ்க்ரூ 10 டிகிரி சூடானாலே கிட்டத்தட்ட 0.05 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் பூட்டினால் அது வளைந்துதான் தீரும். கப்ளிங்கின் மோட்டார் பக்க ஸ்க்ரூவைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இழுபட்ட நிலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

திரும்ப மாட்டியதும் உருண்டைமேல் இருந்த கேஜ் 0.01-க்குள் நின்றது. மீதி நட்டில். பிளவுள்ள பிளாஸ்டிக் நட்டுதான், அதன் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதில் 0.02-க்கு வந்தது. ஜிஆர்பிஎல்-லில் பேக்லாஷை, அதாவது இந்த ஆட்டத்தை, ஈடுகட்டும் வசதி இல்லாதது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. சாஃப்ட்வேர் எண்ணிக்கையைத்தான் சரிக்கட்டும். ஆட்டம் இருக்கிறவரை எண்ட் மில் கேரியேஜைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அதேபோல ஆட்டத்தை மறைக்க, எக்ஸ் ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $100-ஐ நோண்டவே கூடாது. மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றுக்கும் 8 மைக்ரோஸ்டெப், 8 மி.மீ. லீட் என்றால் அது 200தான்.

பேரிங் வாங்கும்போது எஃப்8-16 என்ற எண்ணை மட்டும் சொல்லாமல் இரண்டு வாஷரின் துளை அளவையும் கேளுங்கள். வாஷரில் உருண்டை ஓடுகிற பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளமே இல்லாத வெறும் தட்டையும் இதே எண்ணில் விற்கிறார்கள். இன்னொன்று, த்ரெட் லாக்கரை (திருகு தளராமல் பிடிக்கும் பசை) பாலிகார்பனேட் வி-வீல் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், வெடிப்பு விடும்.

ஒய் அச்சுக்கும் இதே சிகிச்சை பாக்கி, தகடு வெட்டி வைத்தாயிற்று, புஷ் இன்னும் ஏற்றவில்லை. ஆனால் மனசு அதற்குள் எஸ்எஃப்யூ1204 பால் ஸ்க்ரூவுக்கு (நட்டுக்குள் உருண்டைகள் ஓடும் ரகம்) போய்விட்டது. அதன் முனையைத் தாங்கும் பிகே10 பிளாக்கில் பேரிங் ஜோடியும் அழுத்தம் கொடுக்கிற நட்டும் கூடவே வருகின்றன, குழாய் வைத்து அழுத்துகிற வேலை மிச்சம். மேலும் கீழும் போகிற இசட் அச்சில் போட்டால் மட்டும் கரண்ட் போனதும் எண்ட் மில்லைச் சுற்றுகிற ஸ்பிண்டில் தானாகக் கீழே இறங்கிவிடும், அதற்கு ஒரு பிரேக்கோ எதிர் எடையோ யோசிக்க வேண்டும். அதனால் பால் ஸ்க்ரூ முதலில் எக்ஸுக்குத்தான். அங்கிருந்து இறங்குகிற டி8, தகடு, காலர் எல்லாம் அப்படியே இசட்டுக்குப் போகும்.