பையில் ஐந்து மட்டை: டர்பனில் கோல்ஃப் பழகும் அனுபவம்

விதிப்படி ஒருவர் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். என் பையில் இப்போது இருப்பது 5 வுட் (பருத்த தலை, நீண்ட தூரத்துக்கு), 7 அயன், 9 அயன் (மெலிந்த உலோகத் தலை, நடுத்தரத் தூரத்துக்கு), சேண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து பந்தை எடுக்க), பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்ட). சின்ன வயதில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் மைதானங்களில் கேடியாகப் பை சுமந்த பெரியப்பாதான் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார். "கண்ணு, கையில இருக்கிறது ஒவ்வொண்ணும் எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சுக்கோ, அப்புறம் அடுத்ததை வாங்கு" என்றார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து லீவு நாட்களில் பயிற்சித் திடலுக்குப் போய் வருகிறேன். இதுவரை பிடிபட்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் புரிய வேண்டியது லாஃப்ட். மட்டையின் முகம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. அதிக தூரம் அடிக்கும் டிரைவருக்கு 10 டிகிரி அளவில் இருக்கும், 7 அயனுக்கு 30-ஐ ஒட்டி, சேண்ட் வெட்ஜுக்கு 54 முதல் 56 வரை. சாய்வு கூடக் கூடப் பந்து உயரமாக எழும்பும், தூரம் குறையும். அயன்களில் நம்பர் ஏற ஏறத் தண்டும் குட்டையாகும். ஆகவே வீச்சு ஒன்றாகவே இருக்கலாம். தூரத்தை மட்டை பார்த்துக்கொள்ளும். இதை நம்பி, பலத்தைக் கூட்டாமல் அடிக்கப் பழகிய பிறகுதான் ஆட்டம் வசப்பட ஆரம்பித்தது.

அதிக நேரம் செலவிட்டது 7 அயனோடு. பந்து இரண்டு காலுக்கும் நடுவில், கைகள் பந்தைவிடக் கொஞ்சம் முன்னால். அயனில் பந்தைத் தூக்கிவிடப் பார்க்கவே கூடாது. மட்டை கீழ்நோக்கி வந்து முதலில் பந்தைத் தொட வேண்டும், அப்புறம்தான் புல்லை. புல் பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்தைத் தாண்டி இலக்குப் பக்கம் தொடங்கினால் அடி சரி. முகத்தில் எந்த இடத்தில் பந்து படுகிறது என்று பார்க்க, காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை மட்டையில் அடித்துக்கொண்டேன். வெள்ளைப் பூச்சில் பந்தின் அச்சு வட்டமாகத் தெரிகிறது. நடுவில் பட்ட அடிக்கும் நுனியில் பட்ட அடிக்கும் சுலபமாகப் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம்.

5 வுட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து டிரைவருக்குப் பதிலாக அதுதான். பந்து நேராகப் போகிறது, எனக்கு அது போதும்.

சேண்ட் வெட்ஜ்தான் என்னைக் கட்டிப்போட்ட மட்டை. அதன் அடிப்பாகம் தடிமனாக, முன் விளிம்பைவிடத் தாழ்ந்து இருக்கும். அந்தக் கோணத்துக்குப் பவுன்ஸ் என்று பெயர். 1930-களில் ஜீன் சரசென் இப்படி அடிப்பாகத்தைக் கனமாக்கிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மணல் பள்ளமான பங்கரில் மட்டை மணலுக்குள் புதைந்துவிடாமல் வழுக்கி வெளியே வருவது இதனால்தான். பெரியப்பா மணலில் விரலால் ஒரு கோடு போட்டு, பந்தே வைக்காமல் அந்தக் கோட்டில் மணலை அள்ளி வீசச் சொன்னார். கோட்டில் சரியாக இறங்க வந்த பிறகு, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கம் ஐந்து சென்டிமீட்டரில் பந்தை வைத்தார். பந்தை மட்டை தொடவே இல்லை. மணல்தான் அதைத் தூக்கி, குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் போட்டது. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் போகவில்லை! முகத்தைத் திறந்து (வானம் பார்க்கச் சாய்த்து) பிடிக்க வேண்டுமானால் முதலில் மட்டையைத் திருப்பிவிட்டு, பிறகு கையைப் பிடிக்க வேண்டும். கோடை மழைக்குப் பிறகு மணல் இறுகிக் கிடந்தால் அவ்வளவு திறக்கக் கூடாது, மட்டை எகிறிப் பந்தின் மேல் பாதியில் அடித்துவிடும்.

பட்டருக்கு நான் பார்த்துப் பழகியது பாப்வா சீகோலும் என்ற கோல்ஃப் வீரரின் பிடியை. வலது கை ஆட்டக்காரர்கள் இடது கையை மேலே வைப்பது வழக்கம். இந்த ஊரில் கேடியாக இருந்து தானாகவே ஆட்டம் கற்ற அவர் வலது கையை மேலே வைத்து எல்லா மட்டையையும் பிடித்தார். அப்படியே டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என மூன்று முறை வென்றார். 1963-இல் நேட்டால் ஓப்பனில் ஜெயித்தும், இனஒதுக்கல் காலம் என்பதால் கிளப் கட்டிடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிற்க வைத்துத்தான் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-இல் கேரி பிளேயரையும் தோற்கடித்து அதே பட்டத்தை எடுத்தார். பெரியப்பா இதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். முழு வீச்சுக்கு அந்தப் பிடி எனக்கு வரவில்லை, ஆனால் பட்டரில் இடது மணிக்கட்டு மடங்காமல் நிற்கிறது. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து குழிக்கு உருட்டும் அடிகள் இப்போது பயமில்லாமல் போகின்றன.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது அங்கும் அடித்துப் பார்த்தேன். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெலிதாக இருப்பதால் பந்து பத்தில் ஒரு பங்கு வரை கூடுதலாகப் போகும். இங்கே 110 மீட்டர் போகும் என் 7 அயன் அங்கே 120-ஐத் தொட்டது. டர்பனிலோ தென்மேற்குக் காற்று எதிரே அடித்தால் அதே மட்டை 95-கூடத் தாண்டாது. ஆகவே தூர நோட்டில் ஊருக்கு ஒரு பக்கம், காற்றுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுகிறேன்.

அடுத்து வாங்கப்போவது வுட்டும் அயனும் கலந்த மாதிரியான 4 ஹைப்ரிட். ஓரத்தில் அடர்ந்த கிகுயு புல் நீண்ட அயனின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடுகிறது; ஹைப்ரிட்டின் அகலமான அடிப்பாகம் புல்லைத் தாண்டிச் சறுக்கிப் போகும் என்கிறார் பெரியப்பா. முதலில் அவருடையதை இரவல் வாங்கி அடித்துப் பார்க்கப் போகிறேன்.