இக்ரீஜஸ்: வேர் தெரிந்தும் தவறும் இடம்

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு ஆங்கிலச் சொல் படிக்கிறவர்கள், லத்தீன் வேரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். 'இக்ரீஜஸ்' (egregious) என்ற பெயரடையில் அந்த நம்பிக்கை காலை வாரிவிடும்.

வேர் எளிது. லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. முன்னால் நிற்கும் 'எ' வெளியே என்று பொருள்படும். மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது 'எக்ரேகியுஸ்'. ரோமானியர்களுக்கு அது பாராட்டு. இத்தாலியர்கள் இன்றும் மரியாதைக் கடிதத்தை 'எக்ரேஜோ' என்று தொடங்குவதுண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அந்தப் பொருள் இருந்தது. பிறகு கெட்டதில் தனித்துத் தெரிவது என்பதே நிலைத்தது. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று எங்கே வந்து நிற்கிறதோ, அதே போக்குதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வியில் ஆறு சொற்கள் இருக்கும். வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டை எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் சரியென்றால் மதிப்பெண் கிடையாது. "தணிக்கை அறிக்கையில் இவ்வளவு ____ பிழை இருந்தும் யாரும் கவனிக்கவில்லை" என்ற வாக்கியத்துக்கு இக்ரீஜஸ், எமினென்ட் (புகழ்பெற்ற), கிளேரிங் (கண்ணை உறுத்தும்) மூன்றும் தெரிவுகளில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எமினென்ட்டின் லத்தீன் வேரும் 'துருத்தி நிற்பது' என்பதுதான். வேரை மட்டும் படித்தவர் இக்ரீஜஸையும் எமினென்ட்டையும் ஜோடி சேர்த்துவிடுவார். சரியான ஜோடி இக்ரீஜஸ், கிளேரிங். எமினென்ட் நல்ல பக்கமே தங்கிவிட்ட சொல், பிழைக்குப் பொருந்தாது.

'மிகப் பெரிய' என்றும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பெரிய வெற்றிக்கு இச்சொல் சேராது. பிழை, விதிமீறல், அநீதி போன்றவற்றோடுதான் சேரும். சிறு எழுத்துப்பிழைக்கும் இது அதிகம்.

கிரிகேரியஸ் (கூட்டத்தோடு பழகுபவர்), செக்ரிகேட் (பிரித்து வை), காங்கிரிகேட் (ஒன்றுகூடு), அக்ரிகேட் (மொத்தமாகச் சேர்) எல்லாம் இதே மந்தைதான். சேர்த்துப் படித்தால் ஒரு வேருக்கு ஐந்து சொல் கிடைக்கும். ஆனால் ஈக்ரெஸ் (வெளியேறுதல்), அக்ரெசிவ், ப்ரோக்ரெஸ் இந்தக் குடும்பம் இல்லை. அவை 'அடியெடுத்து வை' என்ற வேறொரு வினையிலிருந்து வந்தவை. ஜி-ஆர்-இ-ஜி என்ற நான்கு எழுத்தும் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜி-ஆர்-இக்குப் பிறகு இரண்டு எஸ் வந்தால் மந்தை இல்லை, நடை.

அட்டையில் எழுதும்போது முன்பக்கம் சொல், பின்பக்கம் வேர், அதன் கீழே கெட்ட பொருள் என்று காட்ட ஒரு கழித்தல் குறி. வேர் மறந்தாலும் பரவாயில்லை, அந்தக் குறி மறக்கக் கூடாது.