எம்ஜிஎம்டி ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி பயாப்சியில் உறுதியானதும், கோலாலம்பூரிலும் சரி, பினாங்கிலும் சரி, குடும்பத்தார் பெரும்பாலும் விரல் வைத்துக் காட்டுவது ரிப்போர்ட்டின் ஒரே வரியைத்தான்: எம்ஜிஎம்டி மெத்திலேட்டட், அல்லது அன்மெத்திலேட்டட். அந்த வரியை ஆயுள் கணக்காக வாசிக்க வேண்டாம்.

டெமோசோலோமைட் மாத்திரை புற்று செல்லின் டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்தின் மேல் ஒரு மெத்தில் குழுவை ஒட்டிக் கொல்கிறது. எம்ஜிஎம்டி என்சைம் அதைப் பிடுங்கி எறிந்து செல்லைக் காப்பாற்றிவிடும். ஒரு மூலக்கூறு ஒரு முறைதான் வேலை செய்யும். அதோடு அது தீர்ந்தது. அந்த என்சைமின் ஜீனுக்கு முன்னால் இருந்து அதை இயக்கும் புரோமோட்டர் பகுதி மெத்திலேஷனால் அடைபட்டிருந்தால் என்சைம் உருவாகாது. மருந்து செய்த சேதம் அப்படியே நிற்கும். இதைத்தான் ரிப்போர்ட் மெத்திலேட்டட் என்கிறது.

2005இல் ஆய்வாளர் மோனிகா ஹேகியின் குழு வெளியிட்ட ஆய்வில், சோதிக்க முடிந்த 206 பேரில் ஏறக்குறைய 45 சதவீதத்தினர் மெத்திலேட்டட். அவர்களில் கதிர்வீச்சோடு டெமோசோலோமைட் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் என்றால் 15.3. அன்மெத்திலேட்டட் ஆனவர்களுக்கு அதே கணக்கு 12.7, 11.8. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிட அதிகம் வாழ்ந்தார்கள் என்று பொருள். வயது, எவ்வளவு கட்டி எடுக்கப்பட்டது, எழுந்து நடமாடும் நிலை, இவையும் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

சோதனை எங்கே தவறும் என்பதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். எடுத்த கட்டியைப் பதித்து வைக்கும் மெழுகு புளோக்கில் இறந்த திசுவோ சாதாரண மூளைத் திசுவோ கூடினால் மெத்திலேஷன் சிக்னல் நீர்த்துப்போய், உண்மையில் மெத்திலேட்டட் ஆன கட்டியும் அன்மெத்திலேட்டட் போலத் தெரியும். ஆய்வகத்தில் டிஎன்ஏவுக்குத் தரும் பைசல்ஃபைட் என்ற ரசாயனம், மெத்திலாகாத சைட்டோசின் எழுத்தை யுராசிலாக மாற்ற வேண்டும். அது அரைகுறையானால் தவறு எதிர்ப்பக்கம் சாயும், அன்மெத்திலேட்டட் ஆனது மெத்திலேட்டட் போலத் தெரியும். ஃபார்மலினில் நெடுநாள் ஊறிய திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். மெத்திலேஷனைச் சதவீதமாக அளக்கும் பைரோசீக்வென்சிங் முறையில், மெத்திலேட்டட் என்று சொல்வதற்கான எல்லைக்கோடு பல ஆய்வகங்களில் 8 முதல் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆகவே சதவீதம், எல்லைக்கோடு, புளோக்கில் கட்டி செல் எவ்வளவு, எந்த முறை, இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 9 சதவீதத்தையும் 60 சதவீதத்தையும் ஒரே "மெத்திலேட்டட்" ஆக எடுத்துக்கொள்வது சரியல்ல.

ஐடிஎச் என்ற ஜீனின் சோதனையும் கூடவே வேண்டும். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, ஐடிஎச் மாற்றம் உள்ள கட்டி கிளியோபிளாஸ்டோமாவே அல்ல. அதன் போக்கும் வேறு.

முதியவர்களுக்கு இந்த முடிவு சிகிச்சையையே மாற்றும். 2012இல் வந்த இரு ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியது: தளர்ந்த முதியவர் மெத்திலேட்டட் என்றால் மாத்திரை மட்டுமே நியாயமான தேர்வு, அன்மெத்திலேட்டட் என்றால் கதிர்வீச்சு. இளையவர்களுக்கு அன்மெத்திலேட்டட் என்று வந்தாலும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டோம்; பலன் குறைவு, ஆனால் அதற்கு மேலான மாற்றும் கைவசம் இல்லை.

பினாங்கில் அறுவை முடித்துக் கோலாலம்பூரில் இரண்டாம் கருத்துக் கேட்பவர்கள் ஸ்லைடு மட்டும் கொண்டுவராமல் புளோக்கையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காரில் அதை வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதத்தில் எம்ஆர்ஐயில் கட்டி வளர்ந்ததுபோல் தெரிவது மெத்திலேட்டட் ஆனவர்களிடம் கூடுதலாகவே நடக்கும். பல நேரம் அது சிகிச்சையின் விளைவான போலி வளர்ச்சி. உடல்நிலை தாங்கினால் மருந்தை உடனே மாற்றாமல் நான்கிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட, பழைய எம்ஆர்ஐ சிடிகள் அனைத்தையும் கையோடு எடுத்துப்போங்கள்.